பிடிதுணிக்குள் எதை வைத்துத் தைப்பது?

சென்ற ஐப்பசியில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு அடுப்பங்கரையில், அம்மா சோறு வடிக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டார். குண்டானின் வாயில் வடிதட்டை வைத்து, இரண்டு பக்கமும் பிடிதுணியால் இறுக்கிப் பிடித்துச் சாய்த்திருக்கிறார். பாதிக் கஞ்சி இறங்குவதற்குள் வலது கையில் நெருப்பு பட்டதுபோல் இருந்திருக்கிறது. குண்டானை விட்டுவிட்டால் கொதிகஞ்சி காலில் கொட்டிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாகக் கீழே இறக்கி வைத்த பிறகுதான் கையை எடுத்திருக்கிறார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மூன்று விரல்கள் சிவந்து கொப்புளம் எழும்பத் தொடங்கியிருந்தன. குழாயைத் திறந்து, இருபது நிமிடம் கையை ஓடும் தண்ணீரிலேயே வைத்திருக்கச் செய்தேன். பக்கத்து வீட்டு அக்கா பற்பசையுடன் வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பற்பசை, மை, எண்ணெய் எதையும் சுட்ட இடத்தில் தடவக் கூடாது, பனிக்கட்டியும் கூடாது, ஓடும் தண்ணீர் ஒன்றே போதும்.

அந்தப் பிடிதுணியைத் தைத்துக் கொடுத்தது நான்தான். அழகான பூப்போட்ட பருத்தித் துணிக்குள், தையல் சாமான் கடையில் விற்கும் வெள்ளை பாலியஸ்டர் பேடிங்கை, அதாவது செயற்கை இழைப் பஞ்சுத் தாளை, இரண்டு அடுக்கு வைத்துத் தைத்திருந்தேன். கையில் எடுத்தால் தலையணைபோல் மெத்தென்று இருக்கும். வெயில் காலம் முழுவதும் ஒரு குறையும் இல்லை. ஆனால் நான்கு நாட்களாக அடைமழை. கடற்கரை ஊரில் அந்த நாட்களில் கொடியில் போட்ட துணி எதுவும் காய்வதில்லை. பிடிதுணியின் மேல்துணி காய்ந்ததுபோல் இருந்தது, உள்ளே ஈரம் இருந்தது. அதோடு வடியும் கஞ்சியும் சேர்ந்துகொண்டது.

இதே சமயத்தில் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் தங்கை மகள், "பெரியம்மா, ஓவனிலிருந்து தட்டை எடுக்க எனக்கு ஒரு ஜோடி தைத்துக் கொடுங்கள்" என்று கேட்டிருந்தாள். வீட்டிலிருந்தபடியே ரொட்டியும் கேக்கும் சுட்டு விற்கிறாள். ஆகவே இரண்டு வீட்டுக்கும் புதிதாகத் தைக்க வேண்டும். இந்த முறை துணியின் பூவைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதாக இல்லை. கையில் கிடைக்கும் ஒவ்வொரு பொருளையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊசியைத் தொடுவது என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பிடிதுணியில் வெப்பத்தைத் தடுப்பது துணி மட்டும் அல்ல, துணியின் இழைகளுக்கு நடுவே அசையாமல் சிறைபட்டிருக்கும் காற்றுதான் பெரும்பங்கு வேலையைச் செய்கிறது. அசையாத காற்றைப்போல் வெப்பத்தைக் கடத்தத் தயங்கும் பொருள் அடுப்பங்கரையில் வேறு இல்லை. அந்தக் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் கதையே மாறிவிடுகிறது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அம்மாவின் கை சுட்டதற்குக் காரணம் இதுதான். துணி மெலிந்துவிடவில்லை, கிழியவும் இல்லை, உள்ளே இருந்த காற்று வெளியேறித் தண்ணீர் குடியேறிவிட்டது.

பாத்திரத்தின் சூடு நூறு டிகிரியைத் தாண்டினால் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. ஓவன் தட்டையோ தோசைக்கல்லின் பிடியையோ ஈரத் துணியால் பிடித்தால், பாத்திரத்தைத் தொடும் பக்கத்து ஈரம் நீராவியாகிறது. அந்த ஆவி துணிக்குள் ஊடுருவிக் கைப்பக்கம் வந்து மீண்டும் தண்ணீராகிறது. ஒரு கிராம் தண்ணீரைப் பூஜ்ஜியத்திலிருந்து நூறு டிகிரிக்குச் சூடாக்கத் தேவையான வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான வெப்பம் ஒரு கிராம் நீராவிக்குள் ஒளிந்திருக்கிறது. அது மொத்தமும் நம் தோலில் இறங்கும். ஈரத் துணியால் சூடான தட்டைப் பிடித்தவர்கள் "திடீரென்று சுட்டுவிட்டது" என்று சொல்வதன் காரணம் இந்த ஆவிதான். வறண்ட துணியில் சூடு படிப்படியாக ஏறும், கையை எடுக்க அவகாசம் தரும். ஈரத் துணி அவகாசம் தருவதில்லை. அறுபது டிகிரி சூடு ஐந்து விநாடி தோலில் பட்டாலே ஆழமான தீப்புண் ஆகிவிடும் என்பதையும், வயதானவர்களின் தோல் மெலிந்து இருப்பதால் இன்னும் விரைவில் ஆகும் என்பதையும் நினைத்துப் பார்த்தால், அந்த அவகாசத்தின் அருமை புரியும்.

அடுத்தது, நம் அடுப்பங்கரையில் பிடிதுணி எவ்வளவு சூட்டைச் சந்திக்கிறது என்பது. சோற்றுக் குண்டானும் இட்லிப் பானையும் நூறு டிகிரியை ஒட்டியே நிற்கின்றன. குக்கருக்குள் முழு அழுத்தத்தில் சுமார் நூற்று இருபது. வடை சுடும் எண்ணெய் நூற்று எண்பதைத் தொடும். தங்கை மகளின் ஓவன் கேக்குக்கு நூற்று எண்பதும், ரொட்டிக்கு இருநூற்று இருபதும் ஆகிறது. கேஸ் அடுப்பின் தீக்கொழுந்து ஆயிரம் டிகிரியைத் தாண்டியது, அதன்மேல் எந்தத் துணியும் படக் கூடாது. ஆக அம்மாவுக்கு வேண்டியது குறைந்த சூட்டையும் நிறைய ஈரத்தையும் தாங்குவது; தங்கை மகளுக்கு வேண்டியது நிறைய சூட்டை வறண்ட நிலையில் தாங்குவது. இரண்டுக்கும் ஒரே பிடிதுணியைத் தைத்தால் ஏதோ ஒரு வீட்டில் கை சுடும். இது தெரியாமல்தான் இத்தனை வருடம் தைத்துக்கொண்டிருந்தேன்.

பாலியஸ்டர் பேடிங்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் முதலில் வாங்குவது அதைத்தான். மலிவு, எடை இல்லை, துவைத்தால் சுருங்காது, ஈரத்தை இழை உறிஞ்சுவதே இல்லை. கேட்கும்போது எல்லாம் நல்ல குணங்களாகத் தெரியும். ஆனால் அதன் தடிமன் முழுவதும் காற்று. பஞ்சை மேசைமேல் வைத்துப் பார்க்கும்போது முக்கால் அங்குலம் இருக்கும், குண்டானை இறுக்கிப் பிடித்தால் காகித அட்டை அளவுக்கு அமுங்கிவிடும். நாம் பிடிதுணியை மேசையில் வைத்துப் பார்ப்பதற்காகத் தைப்பதில்லை, பிடிப்பதற்காகத் தைக்கிறோம். இழை ஈரத்தை உறிஞ்சாது என்பதும் இங்கே நமக்கு எதிராகத் திரும்புகிறது. கஞ்சி வழிந்தால் எந்த இழையிலும் தங்காமல் நேராக மறுபக்கத்துத் துணிக்கு, அதாவது கைக்கு, வந்து சேர்ந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய குறை, அது உருகும். பாலியஸ்டர் சுமார் இருநூற்று ஐம்பத்தைந்து டிகிரியில் உருகிவிடும், அதற்கு முன்பே இளகத் தொடங்கும். ஓவனின் சுருளிலோ அடுப்பின் தீயிலோ ஓர் ஓரம் பட்டுவிட்டால் உருகிய பாகு தோலில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை உரித்தால் தோலும் சேர்ந்து வரும். பருத்தி அப்படிச் செய்வதில்லை. கருகும், நாற்றம் அடிக்கும், எச்சரிக்கை செய்யும். ஆகவே கையால் பிடிக்கும் எதிலும் இனி பாலியஸ்டர் பேடிங் வைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மேசையில் பாத்திரத்துக்கு அடியில் போடும் விரிப்புக்கோ, டீ கெட்டிலுக்குப் போடும் உறைக்கோ அது தாராளமாகப் போதும்.

இப்போது இணையத்தில் பிடிதுணிக்கென்றே ஒரு பேடிங் விற்கிறார்கள். நடுவில் மெல்லிய பளபளப்பான தகடு, அதைச் சுற்றிப் பாலியஸ்டர் இழைகளைக் குத்தி ஏற்றியது. இன்சுல்-பிரைட் என்பது இந்த வகையில் பெயர் பெற்றது. கைவேலை செய்யும் நண்பர்கள் பலர் இதை வாங்கச் சொன்னார்கள். ஒரு விஷயத்தைக் கவனித்தேன். தகடு கதிராக வரும் வெப்பத்தைத்தான் திருப்பி அனுப்பும், அதற்கும் தகட்டின் எதிரே கொஞ்சம் காற்று இடைவெளி இருக்க வேண்டும். சூடான தட்டைத் தொட்டு இறுக்கிப் பிடிக்கும்போது வெப்பம் தொடுகை வழியாகவே வருகிறது. அங்கே தகட்டால் பெரிய உதவி இல்லை, சுற்றியுள்ள இழைகள்தான் தடுக்கின்றன. அதனால்தான் இதோடு பருத்திப் பேடிங்கையும் சேர்த்து வைத்துத் தைக்கச் சொல்கிறார்கள். ஓவனுக்குள் கையை நீட்டும்போது புறங்கைப் பக்கத்துக்கு இது பயன்படும். உள்ளங்கைப் பக்கத்துக்கு நான் நம்ப மாட்டேன். உலோகப் பூச்சு உள்ளதால் மைக்ரோவேவில் எதையாவது மூடி வைக்க இதை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

காரின் கண்ணாடிக்குப் போடும் வெள்ளித் திரையை வெட்டி வைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம். அதற்குள் இருப்பது பாலித்தீன் நுரை அல்லது குமிழித்தாள், குக்கரின் சூட்டுக்கே இளகிவிடும். அலுமினியத் தாளை மடித்து உள்ளே வைப்பதும் வீண். அலுமினியம் வெப்பத்தை ஓடவிடும் உலோகம். கண்ணாடிக் கம்பளி தோலில் அரிப்பைக் கிளப்பும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தாளோ கயிறோ வீட்டில் எங்காவது கிடந்தால் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது, அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

இனி என் மனத்துக்கு நெருக்கமான பொருளுக்கு வருகிறேன்: பழைய பருத்தி.

எங்கள் தாத்தா புதுச்சேரியில் கடலூர் சாலையில் இருந்த ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) துணி மில்லில் வேலை பார்த்தவர். 1898-இல் தொடங்கிய மில் அது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது பலத்த சேதம் அடைந்தது. 2020-இல் மூடிவிட்டார்கள். தாத்தா அவ்வப்போது தடித்த பருத்தித் துணியில் துண்டுகள் வாங்கி வருவார். பாட்டி அதைத் தைக்கவே மாட்டார். ஒரு முழத் துண்டை அப்படியே வைத்துக்கொண்டு, குண்டானைப் பிடிக்கும்போது நான்காக மடிப்பார், வேலை முடிந்ததும் உதறி அடுப்பு மேடையின் கம்பியில் விரித்துப் போடுவார். சின்ன வயதில் எனக்கு அது வறுமையின் அடையாளமாகத் தெரிந்தது. அதனால்தான் பெரியவளானதும் பூப்போட்ட மெத்தைபோல் தைத்துக் கொடுத்தேன். பாட்டியின் துணி ஏன் ஒருநாளும் அவர் கையைச் சுடவில்லை என்று இப்போதுதான் யோசித்தேன். விரித்துப் போட்ட ஒற்றைத் துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். தடித்த மெத்தை மூன்று நாளானாலும் நடுவில் ஈரமாகவே இருக்கும். பிடிக்கும்போது நான்கு அடுக்கு, காயும்போது ஓர் அடுக்கு. இதை எந்தப் பேடிங்கும் செய்ய முடியாது.

பருத்தியிலும் எல்லாம் ஒன்றல்ல. பழைய வேட்டியும் குறிஞ்சிப்பாடிப் பக்கம் நெய்யும் கைத்தறி லுங்கியும் மெலிந்தவை. பத்து அடுக்கு வைத்தாலும் இழைகள் ஒன்றோடொன்று படிந்து காற்றுக்கு இடம் தருவதில்லை. ஆனால் மேலுறைக்கு அவற்றைப்போல் மென்மையாக, சீக்கிரம் காயும் துணி கிடைக்காது. டர்க்கி டவல் வேறு ரகம். அதன் இரு பக்கமும் நிற்கும் சின்னச் சின்ன வளையங்கள் அமுக்கினாலும் முழுவதும் படுத்துவிடுவதில்லை. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் காற்று மிச்சமிருக்கும். நன்றாகத் துவைத்துத் தேய்ந்த டவலைவிட, ஓரங்கள் நைந்து நடுப்பகுதி இன்னும் தடித்திருக்கும் டவல் சிறந்தது. கொஞ்சம் கஞ்சி வழிந்தால் ஒரு பக்கத்து வளையங்களிலேயே உறிஞ்சி நிறுத்திவிடும், மறுபக்கம் வர நேரம் பிடிக்கும். அந்த நேரம்தான் நமக்கு வேண்டியது.

ஜீன்ஸ் துணி உள்ளே வைக்க அல்ல, வெளியே போட. நெருக்கமான நெசவு, தீப்பொறிக்கு உடனே மசியாது, பாத்திரம் வழுக்காது. பழைய ஜீன்ஸில் ஒரு நிபந்தனை: இழுத்தால் நீளும் ரகமாக இருக்கக் கூடாது. உள் சீட்டைப் பார்த்து, நூறு சதவீதம் பருத்தி என்று இருந்தால் எடுங்கள். கலப்பு ரகங்களில் பாலியஸ்டர் கணிசமாக இருப்பதுண்டு. சீட்டு இல்லாத துணியாக இருந்தால் ஓரத்தில் நான்கு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, விரலால் தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, கறுத்த கெட்டி மணியாக நிற்கும். கம்பளி தலைமுடி கருகும் நாற்றம் அடித்து, தீயை எடுத்ததும் தானாக அணையும்.

பழைய ஜமுக்காளம் இருந்தால் அதுவும் நல்ல பொருள்தான். பவானி ஜமுக்காளத்தில் தடித்த பருத்தி நூலில் நெய்ததை எடுக்கலாம். பளபளக்கும் செயற்கைப் பட்டில் நெய்ததை விட்டுவிடுங்கள். ஆனால் ஜமுக்காளத்தை வெட்டித் தைப்பது சாதாரண தையல் மெஷினுக்குப் பெரும்பாடு. இரண்டு ஊசியை உடைத்துவிட்டு நிறுத்திவிட்டேன்.

கம்பளிதான் இந்த ஒப்பீட்டில் என்னை ஆச்சரியப்படுத்தியது. நம் ஊரில் அதைக் குளிருக்கு மட்டுமே உரியதாக நினைக்கிறோம். குளிரை வெளியே நிறுத்துவதும் சூட்டை வெளியே நிறுத்துவதும் ஒரே வேலைதான். கம்பளி இழை இயல்பிலேயே சுருண்டது, அமுக்கினாலும் எழும்பி நிற்கப் பார்க்கும், அதனால் இறுக்கிப் பிடித்தாலும் காற்றை முழுதாக விட்டுக்கொடுக்காது. தீப்பற்றுவது கடினம், உருகாது. காற்றிலிருக்கும் ஈரத்தைத் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. மேலே தெறிக்கும் நீர்த்துளியை உடனே உறிஞ்சாமல் சிறிது நேரம் மேலேயே நிறுத்தி வைக்கும்.

ஆனால் கடலூரிலோ புதுச்சேரியிலோ உண்மையான கம்பளிக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையில் கூடும் சந்தைக்குப் போய், சாம்பல் நிறத்தில் தடித்த போர்வை ஒன்றை வாங்கினேன். விற்றவர் கம்பளி என்று சொல்லவில்லை, நான்தான் அப்படி எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து நூலைக் கொளுத்தினால் கறுத்த கெட்டி மணி. கம்பளி என்ற பெயரில் நாம் பயன்படுத்தும் பெரும்பாலான போர்வைகள் செயற்கை இழைதான். கடைசியில், அப்பா வடநாட்டில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய, பூச்சி அரித்த கம்பளிச் சால்வை ஒன்று பரணிலிருந்து கிடைத்தது. அதைச் சுடுதண்ணீரில் சோப்பு போட்டு நன்றாகக் கசக்கித் துவைத்தேன். பொதுவாகக் கம்பளியை அப்படித் துவைக்கவே கூடாது என்பார்கள், சுருங்கிவிடும். இங்கே நமக்கு வேண்டியது அந்தச் சுருக்கம்தான். கம்பளி இழையின் மேல் உள்ள நுண்ணிய செதில்கள் சூட்டிலும் கசக்கலிலும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, துணி சிறுத்து, தடித்து, கத்தரித்தாலும் நூல் பிரியாத அட்டைபோல் ஆகிவிட்டது. பிடிதுணிக்குள் வைக்க இதைவிட நல்ல பொருளை நான் இதுவரை தொட்டதில்லை.

இலவம் பஞ்சைப் பற்றியும் கேட்பார்கள், ஏனென்றால் மெத்தைக் கடைக்குப் போனால் ஒரு பிடி எளிதாகக் கிடைக்கும். அதன் ஒவ்வொரு இழையும் உள்ளே காற்று நிறைந்த குழாய். காகிதத்தில் பார்த்தால் அதுவே முதலிடம் பெற வேண்டும். நடைமுறையில் வழவழப்பான அந்த இழைகள் ஒன்றையொன்று பற்றுவதில்லை, நான்கு முறை பிடித்தால் ஓரங்களுக்கு ஒதுங்கி நடுவில் வெறும் துணிதான் நிற்கும். எளிதில் தீயும் பற்றும். தலையணைக்குள் இருப்பதே அதற்கு அழகு. சாக்குத் துணி முரட்டுத்தனமானது, கழுவிய பிறகும் ஆலையில் சணலுக்குத் தடவும் எண்ணெயின் வாடை போகாது, அடுப்பருகே அந்த எண்ணெய் எனக்குப் பிடிக்கவில்லை. தேங்காய் நார் கைக்கு ஆகாது, ஆனால் பிரிமணைக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது. குண்டானை இறக்கி வைக்க ஒரு நார்ப் பிரிமணை பக்கத்திலேயே இருந்தால், பிடிதுணி சூட்டைத் தாங்க வேண்டிய நேரம் பாதியாகக் குறையும். மீன் கூடையைத் தலையில் வைக்கும் பெண்கள் சும்மாட்டைச் சுற்றுவதுபோல் பழந்துணியை முறுக்கிச் சுற்றினால்கூடப் பிரிமணை தயார்.

சிலிக்கான் பிடிகளை வீட்டில் தைக்க முடியாது என்றாலும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இருநூற்று முப்பது டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். ஈரம் உள்ளே புகாது என்பது பெரிய பலம். ஆனால் அதற்குள் காற்று இல்லை, வெறும் ரப்பர்போன்ற தகடு. அதனால் சூடு மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். குண்டானைச் சாய்த்து ஒரு நிமிடம் நிற்க வேண்டிய வேலைக்கு மெல்லிய சிலிக்கான் போதாது. விரல் மரத்துப்போன அம்மாவுக்கு அதன் விறைப்பும் பிடிக்கவில்லை.

எல்லாவற்றையும் யோசித்து முடித்த பிறகு கையால் சோதித்துப் பார்த்தேன். எட்டு அங்குலச் சதுரத்தில், ஒரே மேலுறை போட்டு, உள்ளே மட்டும் மாற்றி நான்கு மாதிரி: பாலியஸ்டர் பேடிங் இரண்டு அடுக்கு, டர்க்கி டவல் இரண்டு அடுக்கு, சுருக்கிய கம்பளி ஓர் அடுக்கு, இலவம் பஞ்சு. கொதிக்கும் தண்ணீர் நிறைத்த எவர்சில்வர் செம்பை மேசையில் வைத்து, அதைச் சுற்றிப் பிடித்து, கையில் சூடு உறைக்கும் வரை எண்ணினேன். வறண்ட நிலையில் கம்பளி நெடுநேரம் தாங்கியது, டவல் அதற்கு அடுத்து. பாலியஸ்டரை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் டவலுக்கு இணையாக நின்றது, இறுக்கிப் பிடித்ததும் பின்தங்கியது. இலவம் பஞ்சில் ஒரு விரல் சுடவில்லை, அடுத்த விரல் சுட்டது. பிறகு ஒவ்வொன்றின் வெளிப்பக்கமும் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்தேன். பாலியஸ்டர்தான் முதலில் தோற்றது. கம்பளியும் டவலும் சிறிது தாக்குப்பிடித்தன. கடைசியாக நான்கையும் தண்ணீரில் முக்கிப் பிழிந்துவிட்டுப் பிடித்தேன். கம்பளி உட்பட ஒன்றும் நிற்கவில்லை. முழுதாக நனைந்த பிறகு உயர்ந்த பொருள், தாழ்ந்த பொருள் என்ற பேச்சே இல்லாமல் போய்விடுகிறது.

இந்தக் கடைசிச் சோதனைதான் அம்மாவுக்கான முடிவைத் தந்தது. அவருக்குத் தடித்த பிடிதுணியே வேண்டாம். எட்டு அங்குல அகலம், முப்பது அங்குல நீளத்தில் ஒரு டர்க்கி டவல் பட்டை, அதன் ஒரு பக்கம் பழைய கைத்தறி லுங்கித் துணி, ஓரம் மட்டும் தையல். உள்ளே வேறு எதுவும் இல்லை. பிடிக்கும்போது நான்காக மடித்தால் எட்டு அடுக்கு. உதறிக் கம்பியில் போட்டால் இரண்டே அடுக்கு. இரு கைக்கும் ஒவ்வொன்று. மொத்தம் ஆறு தைத்தேன், காலையில் ஒரு ஜோடி, மதியம் ஒரு ஜோடி, மழை நாளுக்குக் கூடுதலாக ஒரு ஜோடி. மடிப்பு அவிழ்ந்து முனை தொங்கினால் தீப்பிடிக்கும் என்ற பயம் எனக்கு இருந்தது. அதனால் மடித்த பிறகு செருகிக்கொள்ள ஒரு சின்ன நாடாவை வைத்திருக்கிறேன். அடுப்பை அணைத்த பிறகே குண்டானைத் தொட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

தங்கை மகளுக்கு நேர்மாறு. அங்கே ஈரம் வராது, வரவிடவும் கூடாது. வெளியே நூறு சதவீதப் பருத்தி ஜீன்ஸ், உள்ளே சுருக்கிய கம்பளி ஓர் அடுக்கு, கைப்பக்கம் டர்க்கி டவல் ஓர் அடுக்கு. தைத்தது பருத்தி நூலால், பாலியஸ்டர் நூல் ஓவன் சுருளில் பட்டால் தையலே விட்டுப்போகும். குறுக்குத் தையல்களை இரண்டு அங்குல இடைவெளியில் நிறுத்திக்கொண்டேன். தையல் ஓடும் கோடுகளில் எல்லாம் அடுக்கு நசுங்கிக் காற்று குறைகிறது, நெருக்கமாகத் தைத்தால் பார்க்க அழகு, சூட்டுக்குக் கேடு. தைப்பதற்கு முன் எல்லாத் துணியையும் ஒரு முறை துவைத்துக் காயவைத்தேன், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே கோணிக்கொள்ளும். இன்னும் ஓர் அடுக்கு வைக்கத் தோன்றியது. வைத்துப் பார்த்தால் தட்டின் விளிம்பை விரல்களால் உணர முடியவில்லை. ரொட்டித் தட்டு நழுவி விழுந்தால் ஏற்படும் தீப்புண் உள்ளங்கைச் சூட்டைவிட மோசம் என்பதால் அந்த அடுக்கை எடுத்துவிட்டேன். கம்பளி கிடைக்காதவர்கள் அந்த இடத்தில் டவலை இரண்டாக மடித்து வைக்கலாம், கொஞ்சம் சீக்கிரம் சூடேறும், அவ்வளவுதான்.

"பெரியம்மா, மேடை துடைக்கிற துணி கையில் இல்லாவிட்டால் இதாலேயே துடைத்துவிடுவேனே" என்றாள். அதற்காகவே அவளுடையதில் தொங்கவிடும் வளையத்தைப் பெரிதாக வைத்து, ஓவனுக்கு மேலே, தண்ணீர்க் குழாய்க்கு எட்டாத சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டு வந்தேன். மேடை துடைக்கும் துணிக்குத் தனியாக வேறொரு ஆணி, தொட்டிப் பக்கம்.

அம்மாவின் விரல்கள் கார்த்திகைக்குள் ஆறிவிட்டன. மார்கழியில் மறுபடி மழை பிடித்துக்கொண்டபோது ஒரு மதியம் போயிருந்தேன். சோறு வடித்து முடித்ததும் இரண்டு பட்டைகளையும் உதறி, பாட்டி செய்ததுபோலவே கம்பியில் விரித்துப் போட்டுவிட்டு, நேற்றைய ஜோடியைக் கன்னத்தில் வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அதை மடித்து, அடுப்பருகே எடுத்து வைத்துக்கொண்டார்.